‘உரிய அரசு’ எது? கோலார் தங்கவயல் எழுப்பும் கேள்வி

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலில் கடைசி ஷிப்ட் முடிந்தது. நூற்றிருபது ஆண்டுகள் ஓடிய சுரங்கத்தின் சங்கு மறுநாள் ஒலிக்கவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே உத்தரவில் வேலை இழந்தனர். அந்த உத்தரவு எப்படிப் பிறந்தது என்பதை இன்றைய தலைமுறைத் தோழர்கள் அறிந்திருப்பது அவசியம்.

சுரங்கத்தை மூட அனுமதி கேட்டது பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம். அதன் உரிமையாளர் மத்திய அரசு. தொழிற்தகராறுகள் சட்டத்தின் 25-ஓ பிரிவின்படி அந்த மனுவை விசாரித்து அனுமதி அளித்தது மத்தியத் தொழிலாளர் துறை. அதுவும் மத்திய அரசே. நிறுவனத்தை நலிவுற்றதாக அறிவித்து, கலைத்துவிடலாம் என்று 2000 ஜூனில் கருத்துரைத்த தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியமும் மத்தியச் சட்டத்தின் கீழ் அமைந்ததுதான். மனுதாரர், நடுவர், மருத்துவச் சான்று அளித்தவர் ஆகிய மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கர்நாடக அரசு விரும்பியிருந்தாலும் அந்த அனுமதியை மறுக்கும் அதிகாரம் அதற்குச் சட்டப்படி இல்லை. விரும்பியதா என்பது வேறு கேள்வி.

இருபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு, தங்கவயலின் பழைய கேள்வி நாடு முழுமைக்குமான கேள்வியாகிவிட்டது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே தகராறு எழும்போது எந்த அரசின் சட்டம் செல்லும்? எந்த அரசின் கதவைத் தட்டுவது?

அரசியலமைப்பு என்ன சொல்கிறது?

தொழிற்சங்கங்களும் தொழிற்தகராறுகளும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுப் பட்டியலில், 22-ஆவது இனமாக உள்ளன. அவை பற்றி நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம், சட்டமன்றமும் இயற்றலாம். ஆனால் சுரங்கங்களிலும் எண்ணெய் வயல்களிலும் தொழிலாளர் ஒழுங்குமுறையும் பாதுகாப்பும் ஒன்றியப் பட்டியலின் 55-ஆவது இனம். மாநிலத்துக்கு அங்கே இடமில்லை.

பொதுப் பட்டியலில் இரு சட்டங்களும் முரண்பட்டால் 254-ஆவது பிரிவின்படி மத்தியச் சட்டமே மேலோங்கும். ஒரே விலக்கு, மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்திருந்தால் அம்மாநிலத்தில் அது செல்லும். அந்த ஒப்புதலை வழங்குவது நடைமுறையில் மத்திய அமைச்சரவையின் முடிவே. அவ்வாறு ஒப்புதல் பெற்ற சட்டத்தையும் நாடாளுமன்றம் பின்னொரு நாளில் புதிய சட்டத்தால் செல்லாததாக்கலாம்.

இதற்கு மேலும் ஒரு பூட்டு உண்டு. தொழிற்தகராறுகள் சட்டம் 1947 ‘உரிய அரசு’ என்ற சொல்லை வரையறுத்தது. ரயில்வே, வங்கி, சுரங்கம், பெருந்துறைமுகம் முதலானவற்றுக்கு மத்திய அரசு. ஏனைய பெரும்பாலான தொழில்களுக்கு மாநில அரசு. கேட்பதற்கு அலுவலக விவகாரம் போலத் தோன்றும். ஆனால் அச்சட்டத்தின் கீழ், கூட்டுத் தகராறு தீர்ப்பாயம் செல்ல வேண்டுமானால் உரிய அரசு அதைப் பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரைக்க மறுத்தால் வழக்கே இல்லை. தவறான அரசு பரிந்துரைத்திருந்தால், பத்தாண்டு நடந்த வழக்கும் ஒரே வாதத்தில் தள்ளுபடியாகும். நிர்வாகங்களின் வழக்கறிஞர்கள் முதல் நாள் எழுப்பும் ஆட்சேபம் இதுவாகவே இருந்ததைத் தொழிற்சங்கத் தோழர்கள் நன்கறிவார்கள்.

பொதுத்துறை ஆலைகளில் இந்தக் குழப்பம் நாற்பதாண்டுகள் நீடித்தது. 1969-இல் ஹெவி எஞ்சினியரிங் வழக்கில், மத்திய அரசின் நிறுவனமேயானாலும் உரிய அரசு மாநில அரசுதான் என்றது உச்ச நீதிமன்றம். 1996-இல் ஏர் இந்தியா வழக்கில் மத்திய அரசே என்றது. 2001 ஆகஸ்டில், தங்கவயல் மூடப்பட்ட அதே ஆண்டில், செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2010-இல் சட்டத்தைத் திருத்திய பிறகே, மத்திய அரசு 51 விழுக்காடு பங்கு வைத்துள்ள நிறுவனங்களுக்கு மத்திய அரசே உரிய அரசு என்று முடிவாயிற்று. நாற்பதாண்டு என்பது ஒரு தொழிலாளியின் முழுப் பணிக்காலம்.

உரிமையாளர்கள் மாறினர்

தங்கவயலின் வரலாறு இந்தச் சட்டச் சிக்கலின் எல்லாப் பக்கங்களையும் காட்டுகிறது. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் மக்கள். கம்பெனி லண்டனில், நிலம் மைசூர் சமஸ்தானத்தில், உழைப்பவன் சென்னை மாகாணத்தவன். பிரிட்டிஷ் இந்தியாவில் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தபோது சமஸ்தான எல்லைக்குள் அது பொருந்தவில்லை. மலையிலிருந்து இறங்கி ரயிலேறினால் பங்காருப்பேட்டையைத் தாண்டிச் சில மணி நேரத்தில் சங்கம் சட்டப்படி செல்லும் மண் வந்துவிடும். சுரங்க வாயிலில் அது குற்றத்துக்கு நிகராகப் பார்க்கப்பட்டது.

1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டம் வந்தபோது, பதிவு பெற்ற சங்கம் ஒன்றுகூட இல்லாத நிலையில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். சமஸ்தானம் தொழிலாளர் சட்டம் ஒன்றை இயற்ற 1941-42 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோழர்கள் கே.எஸ். வாசனும் வி.எம். கோவிந்தனும் சங்கம் கட்டிய நாட்கள் அவை. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர் நீத்தனர். அந்தத் தியாகிகளின் நாளைத் தங்கவயல் இன்றும் நினைவுகூர்கிறது.

1956 நவம்பரில் மைசூர் மாநில அரசு சுரங்கங்களைக் கையகப்படுத்தியது. அப்போது உரிமையாளர் மாநில அரசு. சுரங்கம் என்பதால் தொழிற்தகராறில் உரிய அரசு மத்திய அரசு. முதலாளி ஒருவர், நடுவர் வேறொருவர் என்ற அந்த ஏற்பாடு ஆறே ஆண்டுகள்தான் இருந்தது. 1962 டிசம்பரில் சுரங்கங்கள் மத்திய அரசின் கைக்கு மாறின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. அன்று முதல் முதலாளியும் நடுவரும் ஒருவரே.

தேசியமயத்தை நாம் வரவேற்றோம், இன்றும் ஆதரிக்கிறோம். ஆனால் அரசுடைமை என்பதாலேயே அரசு தொழிலாளியின் பக்கம் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வாஜ்பாய் அரசு பங்கு விற்பனைக்கென்றே தனித்துறை வைத்திருந்த காலத்தில், தன் நிறுவனத்தின் மூடல் மனுவைத் தானே விசாரித்துத் தானே அனுமதித்தது. தொழிற்சங்கங்கள் நீதிமன்றம் சென்றன. சுரங்கத்தைத் தாங்களே ஏற்று நடத்தவும் தொழிலாளர்கள் முன்வந்தனர். வழக்குகள் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தன. 2013 ஜூலையில், உலகளாவிய டெண்டர் விடும் மத்திய அரசின் முடிவுக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. சுரங்கம் திறக்கவில்லை. ஆழத்தில் நீர் நிறைந்தது. மேலே லைன் வீடுகளில் தொழிலாளர் குடும்பங்கள் உரிமைப் பத்திரத்துக்காகக் காத்திருந்து மூப்படைந்தன.

ஒரே மாவட்டம், பல சட்டங்கள்

இன்று கோலார் மாவட்டத்தில் ஒரே குடும்பத்தின் நான்கு பேர் நான்கு சட்டங்களின் கீழ் வாழ முடியும்.

தந்தை சுரங்கத்தின் ஓய்வு பெற்ற தொழிலாளி. அவருடைய பணப்பயனும் வீடும் மத்திய அரசின் பொறுப்பு. அவர் வாழும் நகரின் குடிநீரும் சாக்கடையும் மாநிலத்தின் பொறுப்பு. சயனைடு மேட்டிலிருந்து கோடைக்காற்றில் பறந்து வரும் தூசுக்கு மட்டும் இரு அரசுகளும் பொறுப்பேற்பதில்லை.

மூத்த மகன் பெமல் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மத்திய அரசு ஏறத்தாழ 54 விழுக்காடு பங்கு வைத்துள்ள அந்த நிறுவனத்தில் 26 விழுக்காட்டை நிர்வாக உரிமையோடு சேர்த்து விற்க 2021 ஜனவரியில் விருப்பக் கடிதங்கள் கோரப்பட்டன. பங்கு குறைந்தால் உரிய அரசு எது? புதிய தொழில் உறவுத் தொகுப்பு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. தொகுப்பு நடைமுறைக்கு வந்தபின் மத்திய அரசின் பங்கு ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழே போனாலும் மத்தியப் பொதுத்துறை நிறுவனத்துக்கு மத்திய அரசே உரிய அரசாகத் தொடரும். ஆலையைத் தனியாருக்கு விற்ற பிறகும் தகராறில் நடுவர் விற்றவரே.

இளைய மகள் நரசாபுரா தொழிற்பேட்டையில் கைபேசி ஆலைக்குச் செல்கிறாள். அங்கே உரிய அரசு கர்நாடக அரசு. 2020 டிசம்பர் 12 அதிகாலை விஸ்ட்ரான் ஆலையில் ஊதிய பாக்கிக்காகவும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு எதிராகவும் வெடித்த கோபத்தை நாடு பார்த்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கைதாயினர். அதன் பின்னரே மாநிலத் துறைகள் ஆலைக்குள் நுழைந்து சட்ட மீறல்களைப் பட்டியலிட்டன. சிலருக்குச் சரியான ஊதியம் உரிய நேரத்தில் தரப்படவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சட்டம் மாநிலத்தின் கையில் இருந்தது. ஆய்வாளரும் மாநிலத்தவரே. ஆனாலும் கண்ணாடி உடையும் வரை கண் திறக்கவில்லை.

கடைசி மகன் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய் உணவு விநியோகம் செய்கிறான். அவனுக்காகக் கர்நாடக அரசு 2025-இல் தளம்சார் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே தொழிலாளியைப் பற்றிப் பேசுகிறது. நல வாரியம் எது, நிதி எங்கே சேரும், இரண்டும் மோதினால் எது நிற்கும் என்ற கேள்விகளை நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லும் நாள் தொலைவில் இல்லை.

மாநிலத்திடம் விட்டால் போதுமா?

இந்த நிலையில் நம் அணிகளில் இருவிதக் கருத்துகள் எழுகின்றன. தொழிலாளர் சட்டத்தை முழுவதும் மாநிலங்களிடம் விட்டுவிட்டால் போதும் என்கின்றனர் சிலர். மாநில உரிமைக்காகக் குரல் கொடுக்கும் இயக்கத்தில் இக்கருத்து எழுவது இயல்பே. தொழிலாளி வர்க்கம் அகில இந்திய வர்க்கம், எனவே ஒரே மத்தியச் சட்டமே வேண்டும் என்கின்றனர் வேறு சிலர். இரண்டையும் அனுபவத்தின் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

மாநிலங்கள் தம் அதிகாரத்தைத் தொழிலாளிக்குச் சாதகமாகப் பயன்படுத்திய காலம் உண்டு. முந்நூறு பேர் வேலை செய்யும் ஆலையை மூட அரசின் அனுமதி வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொன்னபோது, மேற்கு வங்க இடது முன்னணி அரசு 1980-இல் திருத்தம் கொண்டுவந்து அதை ஐம்பது பேராகக் குறைத்து, மேலும் பல ஆலைகளுக்குப் பாதுகாப்பை விரித்தது. இருபத்துநான்கு மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வகையே.

அதே கதவின் வழியே எதிர்த்திசையிலும் போனார்கள். ராஜஸ்தான் பாஜக அரசு 2014-இல் நூறை முந்நூறாக்கியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் சில மாதங்களிலேயே வந்தது. கொரோனா காலத்தில் உத்தரப்பிரதேச அரசு தொழிலாளர் சட்டங்களில் பெரும்பாலானவற்றை மூன்றாண்டுகள் நிறுத்திவைக்க அவசரச் சட்டத்துக்கு முனைந்தது. கூடுதல் நேரத்துக்கு இரட்டை ஊதியம் தர வேண்டியதில்லை என்ற குஜராத் அரசின் அறிவிக்கையை 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டியிருந்தது. கர்நாடகத்தில் 2023 பிப்ரவரியில் பாஜக அரசு பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளித்துத் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. அடுத்து வந்த காங்கிரஸ் அரசு அதைத் திரும்பப் பெறவில்லை. 2025 ஜூனில் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்திலும் வேலை நேரத்தை நீட்டிக்கும் யோசனையை முன்வைத்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய அதே தன்மையுள்ள மசோதா, இடதுசாரிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது.

சட்டம் மத்தியினுடையதாகவே இருந்தாலும் அமலாக்கம் மாநிலத்திடம் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்குத் திருப்பெரும்புதூர் சாம்சங் தொழிலாளர் போராட்டம் சாட்சி. தொழிற்சங்கச் சட்டம் நாடாளுமன்றத்தின் சட்டம். பதிவாளர் மாநில அரசின் அதிகாரி. 2024-இல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகும், உயர்நீதிமன்றம் வரை சென்ற பிறகே, 2025 ஜனவரியில் சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது.

மூலதனத்துக்கு இந்தப் பிரச்சினையில் கொள்கை ஏதும் கிடையாது. மத்தியச் சட்டம் தளர்வாக இருந்தால் ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்கிறது. மாநிலம் தளர்த்த முன்வந்தால் ‘கூட்டாட்சிப் போட்டி’ என்கிறது. அண்டை மாநிலத்தைக் காட்டி ஒவ்வொரு முதலமைச்சரிடமும் சலுகை கறக்கிறது. ஓசூருக்கும் நரசாபுராவுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். ஓரிடத்தில் உரிமை கேட்டால் மறு இடத்துக்குப் போய்விடுவோம் என்ற மிரட்டலுக்கு அந்தத் தூரம் போதும்.

தொகுப்புகள் செய்திருப்பது

புதிய தொகுப்புகள் இந்த முரண்பாட்டைத் தீர்த்துவிட்டதாக மத்திய அரசு சொல்கிறது. நியாயமாகப் பார்த்தால் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல், சமரசம் முறிந்தால் நேரடியாகத் தீர்ப்பாயம் செல்லும் வழி தொழில் உறவுத் தொகுப்பில் உள்ளது. தொழிற்சங்கங்கள் நெடுங்காலம் கேட்டு வந்தது அது. ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தின் இரு உறுப்பினர்களில் ஒருவர் நிர்வாகத் துறையிலிருந்து வருபவர்.

மற்றபடி நடந்திருப்பது வேறு. ஆலை மூடலுக்கு அனுமதி கேட்க வேண்டிய வரம்பு நாடு முழுவதும் முந்நூறு தொழிலாளர்கள். அதை அறிவிக்கை மூலம் உயர்த்தும் அதிகாரம் உரிய அரசுக்கு உண்டு. குறைக்கும் அதிகாரத்தைப் பற்றிப் பேச்சில்லை. பழைய சட்டம் ரத்தாகும்போது அதன்மேல் மாநிலங்கள் செய்த முற்போக்குத் திருத்தங்களும் உடன் போகின்றன. 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டம் போன்ற தனிச்சட்டங்கள் தொகுப்புகளுக்கு முரணானவை என்று நிர்வாகங்கள் இனி வாதிடும். புதிய ஆலைகளுக்குத் தொகுப்பின் பிரிவுகளிலிருந்தே விலக்களிக்கவும் அரசுகளுக்கு அதிகாரம் தரப்பட்டுள்ளது. எல்லாத் தொழில்களிலும் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு கட்டாயம்.

சுருங்கச் சொன்னால், தொழிலாளியின் உரிமையை உயர்த்த மாநிலத்துக்கு இருந்த வழி குறுகிவிட்டது. தாழ்த்துவதற்கான வழி அகலமாக்கப்பட்டுள்ளது. தரை ஊதியத்தைப் பற்றிப் பெருமை பேசும் அரசு 2019-இல் அறிவித்த தேசியத் தரை ஊதியம் நாளொன்றுக்கு 178 ரூபாய் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு தொகுப்புகளை நடைமுறைப்படுத்த மாட்டோம் என அறிவித்தது. பாஜக அல்லாத மற்ற மாநில அரசுகள் மேடையில் எதிர்த்துவிட்டு, அலுவலகத்தில் வரைவு விதிகளைத் தயாரிக்கும் இரட்டை வேடத்தை நாம் அம்பலப்படுத்த வேண்டும்.

நமது நிலைப்பாடு

மத்தியா மாநிலமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் தொழிலாளிக்கு விடை கிடைக்காது. மத்தியச் சட்டம் தரையாக இருக்கட்டும். அதற்குக் கீழே எந்த மாநிலமும் இறங்கக் கூடாது, எந்த ஒப்புதலின் பெயராலும். அதற்கு மேலே எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் மாநிலம் கட்டலாம், யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல். இதுவே நமது கோட்பாடு. எட்டு மணி நேர வேலையும், சங்கம் அமைக்கும் உரிமையும், சமவேலைக்குச் சம ஊதியமும் தரையில் பதிக்கப்பட வேண்டியவை. மாநில உரிமைக்கான நமது போராட்டமும் அகில இந்தியத் தொழிலாளர் ஒற்றுமையும் இந்த இடத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தும்.

இரண்டாவது, அரசே முதலாளியாக இருக்கும் இடத்தில் அதே அரசு மூடலுக்கு அனுமதி தரும் ஏற்பாடு ஒழிய வேண்டும். அத்தகைய மனுக்களைச் சுயேச்சையான நீதித்துறை அமைப்பு விசாரிக்க வேண்டும். தொழிலாளர் சங்கமும் அந்தப் பகுதியின் மாநில அரசும் உள்ளாட்சியும் அதில் தரப்பினராக இடம்பெற வேண்டும். ஒரு நகரமே சுரங்கத்தை நம்பி எழுந்திருக்கும்போது, மூடல் நிர்வாகத்தின் உள்விவகாரம் ஆகாது.

மூன்றாவது, நிரந்தரத் தொழிலாளிக்கும் அவன் அருகில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒரே உரிய அரசு, ஒரே தீர்ப்பாயம், ஒரே சட்டம் வேண்டும். தகராறு எந்தக் கதவில் தட்டப்பட்டாலும் அதைச் சரியான இடத்துக்கு அனுப்பி வைப்பது அரசின் கடமை ஆக்கப்பட வேண்டும். அதிகார வரம்பைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்வது முடிவுக்கு வர வேண்டும்.

தங்கவயலில் உடனடிக் கடமை

இவை நெடும் போராட்டத்தின் கோரிக்கைகள். தங்கவயலில் இப்போதே செய்ய வேண்டியது உண்டு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, சுமார் ஆயிரம் ஏக்கரில் பரந்துள்ள பதின்மூன்று கழிவு மேடுகளில் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு இசைவு தெரிவித்தது. தம்முள் மோதிக்கொள்ளும் இரு அரசுகளும் மேட்டின் தங்கத்தில் மட்டும் உடன்பட்டுவிட்டன. அந்த மேடு தோண்டப்படும்போது பறக்கப்போகும் தூசி பற்றி யாருடன் உடன்பட்டார்கள்?

இந்தத் தூசியின் வரலாறு நமக்குத் தெரியும். 1940-களில் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்த ஆய்வில் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிக்கோசிஸ் நோய் இருந்தது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் நுரையீரலை இறுக்கும் நோய் அது. நோய் தெரியவரும்போது நிறுவனம் இருப்பதில்லை, ஒப்பந்தக்காரர் பெயரும் பதிவேட்டில் இருப்பதில்லை. ராஜஸ்தான் அரசு 2019-இல் சிலிக்கோசிஸ் நோயாளிகளைக் கண்டறிந்து உதவி வழங்கும் தனிக் கொள்கை வகுத்தது. தங்கவயலைத் தன்னகத்தே வைத்திருக்கும் கர்நாடகமும் அவ்வாறு செய்ய மத்தியச் சட்டம் தடையாக இல்லை.

எனவே, மேடுகளில் வேலை தொடங்குமுன் உள்ளூர் இளைஞர்களுக்கு நேரடி நியமனம், ஒப்பந்த முறைக்கு இடமின்மை, பணியில் சேரும் நாளிலும் ஆண்டுதோறும் நெஞ்சக மருத்துவப் பரிசோதனை, முன்னாள் தொழிலாளர்களுக்கும் மேட்டருகே வாழும் மக்களுக்கும் அதே பரிசோதனை, லைன் வீடுகளின் உரிமைப் பத்திரம் ஆகியவற்றை இரு அரசுகளும் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். ‘இது எங்கள் அதிகாரத்தில் இல்லை’ என்ற பதிலை எந்த அலுவலகத்திலிருந்தும் வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது.

சுரங்கத் தொழிலாளியையும் பெமல் ஒப்பந்தத் தொழிலாளியையும் நரசாபுரா பெண் தொழிலாளியையும் ரயிலேறும் இளைஞனையும் ஒரே வாயிற்கூட்டத்தில் நிறுத்துவது கட்சிக் கிளைகளின் வேலை. சட்டங்கள் அவர்களை நான்காகப் பிரித்து வைத்திருக்கின்றன. அவர்கள் மாலையில் திரும்புவது ஒரே லைனுக்குத்தான். 1930-இல் அவர்களின் பாட்டன்மார் வேலையை நிறுத்தியபோது ஆதரவாக எந்த அரசும் இல்லை, எந்தச் சட்டமும் இல்லை. ஒற்றுமை இருந்தது. இன்று இரு அரசுகளும் எண்ணற்ற சட்டங்களும் இருக்கின்றன. அந்த ஒற்றுமையை மீண்டும் கட்டினால்தான் அவற்றில் ஒன்றாவது தொழிலாளிக்குப் பயன்படும்.